பொன்னிறத்தில் வரவேண்டிய பேல் ஏல் செம்பழுப்பாக வருகிறது: எந்தக் கட்டத்தில் கறுக்கிறது?

தேம்ஸ்கரை (லண்டன்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்ததிலிருந்து ஒரே பிரச்சினை. குடிக்க நன்றாகவே இருக்கிறது, நிறம்தான் நினைத்தபடி வருவதில்லை.

காய்ச்சுவது சாதாரண அமெரிக்க பாணி பேல் ஏல் (வெளிர் நிற பீர் வகை). வெளிர் திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் பாகு) 3 கிலோ, 20 லோவிபாண்ட் (மால்ட்டின் நிற அளவு) கிரிஸ்டல் மால்ட் 225 கிராம், மொத்தம் 19 லிட்டர். பெரிய பாத்திரம் இல்லாததால் 10 லிட்டர் மட்டும் அடுப்பில் வைக்கிறேன். கொதித்து ஆறியதும் ஃபெர்மென்டரில் (நொதிக்கவைக்கும் கலனில்) தண்ணீர் விட்டு 19 ஆக்கிக்கொள்கிறேன். எக்ஸ்ட்ராக்ட் முழுவதும் ஆரம்பத்திலேயே உள்ளே போய்விடும். கொதி 60 நிமிடம்.

செய்முறையைக் கணக்கிடும் செயலியில் போட்டால் நிறம் 6 எஸ்ஆர்எம் (பீரின் நிற அளவு, எண் கூடினால் கறுப்பு கூடும்) என்கிறது. நல்ல தேன் நிறம் வரவேண்டும். வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தால் எனக்கு வருவது 12, 13. சுவையில் லேசாக உலர்திராட்சை தெரிகிறது, அது செய்முறையில் இல்லாதது. ஒருமுறை என்றால் விட்டிருப்பேன். திரும்பவும் அப்படியே வந்ததால் கேட்கிறேன். எங்கே தவறுகிறது?

ரொறன்ரோ_குளிர்

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். எதில் வைத்துப் பார்த்தீர்கள்? ஃபெர்மென்டரில் இருக்கும்போது எந்த பீரும் கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கண்ணாடிக் குடுவை ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், கிளாஸ் நாலு விரல் அகலம். வெளிச்சம் கடந்துவரும் தூரம் கூடக் கூட நிறம் ஏறிக்கொண்டே போகும். புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

இன்னொன்று. அட்டையில் இருக்கும் எண் எஸ்ஆர்எம்தானா? ஐரோப்பாவில் விற்கும் அட்டைகள் பெரும்பாலும் ஈபிசி என்ற ஐரோப்பிய அளவில் இருக்கும். 6 எஸ்ஆர்எம் என்றாலே ஏறத்தாழ 12 ஈபிசிதான். நீங்கள் சொல்லும் எண்கள் சரியாக இரண்டு மடங்காக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம்.

தேம்ஸ்கரை

அண்ணா, நல்ல கேள்வி. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், அட்டையில் எஸ்ஆர்எம் என்றே போட்டிருக்கிறது. பார்த்ததும் கிளாஸில்தான். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில். பக்கத்திலேயே கடையில் வாங்கிய பேல் ஏல் ஒன்றை அதே மாதிரி கிளாஸில் ஊற்றி வைத்தேன். அது பொன், என்னுடையது செம்பழுப்பு. கண்ணுக்கு ஐயமே இல்லை.

மெல்பன்_மாறன்

திரவ எக்ஸ்ட்ராக்ட் என்று படித்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. டின்னில் தேதி என்ன போட்டிருக்கிறது?

தேம்ஸ்கரை

காலாவதிக்கு இரண்டு மாதம் இருந்தது. தள்ளுபடியில் மொத்தமாக வாங்கி வைத்தேன். இரண்டு முறையும் அதே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த டின்கள்.

மெல்பன்_மாறன்

அங்கேதான் விஷயம். எக்ஸ்ட்ராக்ட் என்பது ஏற்கெனவே செய்த வோர்ட்டிலிருந்து (மால்ட்டிலிருந்து எடுக்கும் இனிப்புச் சாறு) நீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி எடுத்த பாகு. அதில் ஐந்தில் ஒரு பங்கு நீர் இன்னும் இருக்கிறது, மிச்சமெல்லாம் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும். மூடி வைத்த டின்னுக்குள்ளேயே அது மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் கோடையில் 40 டிகிரி அடிக்கும். கராஜில் வைத்த டின்னை மார்ச் மாதம் திறந்தால், பெயர் மட்டும்தான் வெளிர், உள்ளே இருப்பது ஆம்பர்.

உலர்ந்த தூள் எக்ஸ்ட்ராக்டில் நீர் மிகக் குறைவு என்பதால் இவ்வளவு வேகமாக மாறாது. ஈரம் படாமல் வைத்துக்கொண்டால் போதும். வெளிர் நிற பீர் வேண்டுமென்றால் நான் தூள் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

நீங்கள் சொன்ன உலர்திராட்சைச் சுவை இருக்கிறதே, அதுவும் பழைய டின்னின் அடையாளம்தான்.

நுரைப்பூ (பவேரியா)

மாறன் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் ஒரே காரணத்தில் முடிவு கட்டிவிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நிறம் தவறிவிட்டது என்று வந்தால் நாங்கள் "ஏன்" என்று கேட்பதற்கு முன்னால் "எப்போது" என்று கேட்போம். மூலப்பொருளிலேயே கறுப்பா, கொதியில் கறுத்ததா, நொதித்த பிறகு கறுத்ததா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எங்கே நிறம் ஏறியது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், அடுத்த முறை வெளிர் நிறமாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

முதலில் அந்த எண் என்ன என்று பார்ப்போம். 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள பீர் வழியாக 430 நானோமீட்டர் நீல ஒளியை அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கிறோம். அதை 12.7 ஆல் பெருக்கினால் எஸ்ஆர்எம், 25 ஆல் பெருக்கினால் ஈபிசி. பெருக்கும் எண்தான் வேறு, அளப்பது ஒன்றுதான். லோவிபாண்ட் இவற்றைவிடப் பழையது. லண்டன் கிரீனிச்சில் பீர் காய்ச்சிய ஜோசப் வில்லியம்ஸ் லோவிபாண்ட் 1880களில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வரிசையாக வைத்து ஒப்பிடும் கருவி ஒன்றைச் செய்தார். இன்றும் மால்ட் பையில் அவர் பெயர்தான் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர்தான், தேம்ஸ்கரை.

இப்போது உங்கள் செயலி எப்படி 6 என்று சொன்னது? மால்ட்டின் எடையைப் பவுண்டில், நிறத்தை லோவிபாண்டில் பெருக்கி, கேலன் கணக்கால் வகுக்கும். உங்கள் எக்ஸ்ட்ராக்ட் 6.6 பவுண்ட், நிறம் 4 என்று வைத்தால் 26.4. கிரிஸ்டல் அரை பவுண்ட், 20 லோவிபாண்ட், ஆக 10. கூட்டி 5 கேலனால் வகுத்தால் 7.3. அதை நிறம் கணக்கிடும் மோரி சூத்திரத்தில் போட்டால் 5.8 எஸ்ஆர்எம் வரும். இந்தக் கணக்கில் எங்காவது கொதி நேரம் வந்ததா? டின்னின் வயது வந்ததா? இல்லை. எக்ஸ்ட்ராக்ட் 4 லோவிபாண்ட் என்று அது நம்புகிறது, அவ்வளவுதான். பழைய டின் 8 ஆக மாறியிருந்தால் அதே சூத்திரம் 8.5 என்று சொல்லும். அப்போதும் உங்கள் 12 வரவில்லை. மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

இரண்டு சோதனை செய்யுங்கள்.

ஒன்று, டின்னிலிருந்து 16 கிராம் எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். கொதிக்கவிடக் கூடாது. உங்கள் பீரில் இருக்கும் அதே விகிதம் அது. பக்கத்தில் புதிய தூள் எக்ஸ்ட்ராக்ட் 13 கிராமை 100 மில்லியாகக் கரைத்து வையுங்கள். தூளில் நீர் இல்லாததால் எடை குறைவு. இரண்டையும் காபி வடிகட்டும் தாளில் வடித்து ஒரே மாதிரி கிளாஸில் பாருங்கள். வடிக்காமல் பார்த்தால் கலங்கல் கண்ணை ஏமாற்றும்.

இரண்டு, அடுத்த முறை காய்ச்சும்போது கொதி தொடங்கும் முன் ஒரு மாதிரி, முடிந்ததும் ஒரு மாதிரி எடுங்கள். இரண்டும் அடர்த்தியில் வேறுபடும் என்பதால் அப்படியே ஒப்பிடக் கூடாது. பாத்திரத்தில் 10 லிட்டர் இருக்கும்போது என்றால் 100 மில்லி, கடைசியில் 8 லிட்டர் மீந்தால் 80 மில்லி. இரண்டையும் நீர் விட்டு 190 மில்லி ஆக்கிவிடுங்கள். இப்போது இரண்டும் உங்கள் 19 லிட்டருக்குச் சமம். வித்தியாசம் தெரிந்தால் அது கொதி தந்த நிறம்.

வேதி_வாத்தியார் (கோவை)

நான் பீர் காய்ச்சுபவன் இல்லை, வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வோர்ட் கொதிக்கும்போது கறுப்பதைப் பலர் "கேரமல் ஆகிறது" என்று எழுதுகிறார்கள். உண்மையான கேரமலாக்கத்துக்குக் குளுக்கோசுக்கே 160 டிகிரி வேண்டும், மால்டோசுக்கு இன்னும் அதிகம். கொதிக்கும் வோர்ட் 100 ஐத் தாண்டி ஓரிரு டிகிரிதான் போகும். அங்கே நடப்பது மெய்லார்டு வினை. பிரான்சைச் சேர்ந்த லூயி கமில் மெய்லார்டு 1912 இல் விவரித்தது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பல படிகளைக் கடந்து கடைசியில் மெலனாய்டின் என்ற பழுப்புப் பொருள்களாகின்றன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் நிறமும் இதே வினைதான். பாலில் இருக்கும் லாக்டோசும் புரதமும் சேர்ந்து செய்கிற வேலை. பால் சுண்டச் சுண்ட நிறம் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று கிண்டுபவரைக் கேட்டால் சொல்வார்.

அந்தச் சுண்டுதல்தான் இங்கேயும் முக்கியம். அடர்த்தி கூடினால் மூலக்கூறுகள் அடிக்கடி சந்திக்கின்றன, நிறம் வேகமாக ஏறுகிறது. அப்புறம் வெப்பம்: பத்து டிகிரி கூடினால் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். டின் கோடையில் கறுப்பதற்கும் குளிர்பெட்டியில் கறுக்காமல் இருப்பதற்கும் அதுதான் விளக்கம். மூன்றாவது, காரத்தன்மை. பிஹெச் உயர்ந்தால் இந்த வினை விரைவுபடும். நேரத்தைச் சொல்லவே வேண்டாம்.

ரொறன்ரோ_குளிர்

சார், அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். ஸ்கொட்லாந்து பாணி ஏல் செய்பவர்கள் முதல் வோர்ட்டில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து, பாகு மாதிரி சுண்டவைத்துத் திரும்பச் சேர்க்கிறார்கள். அதைக் கேரமல் என்றுதானே சொல்கிறார்கள்?

வேதி_வாத்தியார்

அங்கே நீர் வெகுவாக வற்றிவிடுவதால் கொதிநிலை ஏறும். பாத்திரத்தின் அடிப்பரப்பு இன்னும் சூடாக இருக்கும், ஆகவே கொஞ்சம் கேரமலும் கலக்கலாம். பெரும்பங்கு அப்போதும் மெய்லார்டுதான். வழக்கில் இருக்கும் பெயரை மாற்றச் சொல்லவில்லை. எதைக் குறைத்தால் நிறம் குறையும் என்று தெரிய வினையின் தன்மை தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

நுரைப்பூ

சார் சொன்ன அடிப்பரப்பு விஷயத்தை எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சுபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பாகு கனமானது. அடுப்பு எரியும்போதே ஊற்றினால் நேராக அடியில் போய்ப் படியும், கலப்பதற்குள் தீய்ந்துவிடும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்து, ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு மறுபடி ஏற்றுங்கள். காய்ச்சி முடித்துக் கழுவும்போது அடியில் பழுப்பு வட்டம் இருந்தால் அதுவும் உங்கள் பீருக்குள் போயிருக்கிறது.

தேம்ஸ்கரை, இன்னொரு கணக்கு. 3 கிலோ எக்ஸ்ட்ராக்டை 10 லிட்டரில் கரைத்தால் கிராவிட்டி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.090 அருகில் இருக்கும். 19 லிட்டரில் 1.048 தான். நீங்கள் பேல் ஏல் காய்ச்சுவதாக நினைக்கிறீர்கள், அடுப்பில் ஒரு மணி நேரம் கொதிப்பது பார்லி ஒயின் என்ற மிகக் கனமான பீருக்கு உரிய அடர்த்தி.

தேம்ஸ்கரை

இதை யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை அக்கா. சோதனை இரண்டையும் செய்துவிட்டு வருகிறேன்.

வைகைக்கரையான் (மதுரை)

ஆர்வமாகப் படிக்கிறேன். இதையெல்லாம் வாங்கி மதுரையில் நான் செய்து பார்க்கலாமா? மால்ட் ஆன்லைனில் கிடைக்கிறது.

இழைப் பொறுப்பாளர்

வேண்டாம். தமிழ்நாட்டில் 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு மட்டும் என்றாலும் அப்படித்தான். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவை என்ற விதி 1963 இல் நீக்கப்பட்டது, அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 இல் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. இந்த இழையில் இருப்பவர்கள் அனுமதி உள்ள நாடுகளில் செய்கிறார்கள். படிக்கலாம், கேட்கலாம், அங்கே காய்ச்ச வேண்டாம்.

கேம்டன்_கண்ணன் (லண்டன்)

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. லண்டன் குழாய் நீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டில் அடியில் வாரத்துக்குள் வெள்ளைப் படிவு வந்துவிடுகிறது. நான் தானியத்திலிருந்து காய்ச்சுபவன். அதே பில்ஸ்னர் மால்ட், அதே அளவு. மான்செஸ்டரில் இருந்தபோது வைக்கோல் நிறம், இங்கே வந்தபின் ஒரு படி தூக்கலாக வருகிறது, நாக்கில் ஒரு துவர்ப்பும் கூட. மான்செஸ்டர் நீர் மிகவும் மென்மையானது.

நுரைப்பூ

கண்ணன், நீங்கள் சொல்வதில்தான் பீர் வரலாற்றில் பாதி அடங்கியிருக்கிறது.

லண்டன் நீர் சுண்ணப்பாறை வழியாக வருவதால் பைகார்பனேட் நிறைய. அது மேஷின் (மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைக்கும் கட்டத்தின்) பிஹெச்சை மேலே இழுக்கும். வறுத்த மால்ட் அமிலத்தன்மை கொண்டது, அது கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் சமநிலை. லண்டனில் போர்ட்டரும் டப்ளினில் ஸ்டவுட்டும் (இரண்டும் கறுப்பு பீர்) செழித்ததில் அந்த நீருக்குப் பங்கு உண்டு. பில்சன் நகரில் நீரில் தாது உப்பு ஏறக்குறைய இல்லை. 1842 அக்டோபரில் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் அங்கே போய்க் காய்ச்சிய முதல் பொன்னிற லாகர் உலகத்தையே மாற்றியது. வெளிர் மால்ட், சாட்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), அப்புறம் அந்த நீர். மூன்றில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த நிறம் வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

வெளிர் மால்ட்டை மட்டும் போட்டுக் காரநீரில் மேஷ் செய்தால் பிஹெச் 5.8, 6 என்று நிற்கும். அப்போது உமியிலிருந்து டானின் அதிகம் கரையும். நீங்கள் சொல்லும் துவர்ப்பு அதுதான். இந்தப் பாலிஃபினால்கள் காற்றுப் பட்டால் பழுப்பாகும். கொதியில் மெய்லார்டும் வேகம் பிடிக்கும். ஸ்பார்ஜ் செய்யும்போது (மால்ட்டில் மிஞ்சிய சர்க்கரையைச் சுடுநீரால் அலசும்போது) இன்னும் கவனம் வேண்டும்: நீர் 77 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, வடியும் வோர்ட்டின் கிராவிட்டி 1.010 க்குக் கீழே போய்விட்டால் நிறுத்திவிட வேண்டும். கடைசி லிட்டரில் சர்க்கரை கொஞ்சம்தான் இருக்கும், துவர்ப்பும் நிறமும் நிறைய வரும். அதைப் பிழிந்தெடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

தேம்ஸ்கரைக்கு இது நேரடியாகப் பொருந்தாது. எக்ஸ்ட்ராக்டில் மேஷ் வேலையைத் தொழிற்சாலையே முடித்துவிட்டது.

ரொறன்ரோ_குளிர்

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

பிரிட்டிஷ் செய்முறை ஒன்றைப் பார்த்து பிட்டர் என்ற ஏல் செய்தேன். "கிரிஸ்டல் 120" என்று இருந்தது. இங்கே கடையில் கிரிஸ்டல் 120 கேட்டேன், கொடுத்தார்கள். வந்தது ஏறக்குறைய பிரவுன் ஏல். செய்முறையின் 120 ஈபிசி, கடையின் 120 லோவிபாண்ட். 120 ஈபிசி மால்ட் லோவிபாண்டில் 46 தான். 120 லோவிபாண்ட் என்பது 315 ஈபிசிக்கு மேலே. அட்லாண்டிக்கைத் தாண்டும் செய்முறை எதையும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

கடையிலேயே அரைத்து வாங்குபவர்களுக்கு இன்னொன்று. உங்களுக்கு முன் வந்தவர் ஸ்டவுட்டுக்காகக் கறுப்பு மால்ட் அரைத்திருந்தால், மில்லில் தங்கிய மிச்சம் உங்கள் பையில் விழும். கையளவு கூட வேண்டாம், 30 கிராம் போதும். நுரைப்பூ அக்காவின் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன்: 500 லோவிபாண்ட் கறுப்பு மால்ட் 30 கிராம் சேர்ந்தால் 6 எஸ்ஆர்எம் பீர் 9 ஆகிவிடுகிறது. அதனால் இப்போது பையைத் திறந்ததும் ஒரு தட்டில் கொட்டிப் பரப்பிப் பார்ப்பேன். கறுப்புத் துண்டுகள் தனியாகத் தெரியும்.

மெல்பன்_மாறன்

நல்ல தகவல் அண்ணா. ஹேஸி ஐபிஏ (கலங்கலான, ஹாப்ஸ் மிகுந்த பீர்) பழுப்பாவது பற்றியும் எழுதுங்கள், அதுதான் இப்போது எல்லோருக்கும் தலைவலி.

ரொறன்ரோ_குளிர்

அது வேறு வியாதி. ஓட்ஸ், கோதுமை, கை கொள்ளாத ஹாப்ஸ். போத்தலில் அடைக்கும் அன்று மாம்பழச் சாற்று மஞ்சள். சில வாரத்தில் திறந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. ஹாப்ஸ் வாசனை செத்துப்போய், தித்திப்பாக ஈர அட்டைப்பெட்டி வாசம் வரும். காற்றுத்தான் காரணம். ஹாப்ஸிலிருந்து வந்த பாலிஃபினால் ஏராளமாக மிதக்கிறது, ஒட்சிசன் கொஞ்சம் கிடைத்தாலும் பழுப்பாகிவிடும்.

போத்தலின் கழுத்தில் விடும் இடைவெளியைக் குறையுங்கள். குழாயை அடிவரைக்கும் விட்டு, சலசலப்பில்லாமல் நிரப்புங்கள். நுரை மேலே வந்து நிற்கும்போது மூடி போடுங்கள், நுரைக்குள் காற்று இருக்காது. கெக் (பீர் அடைக்கும் உலோக உருளை) இருந்தால் கரியமில வாயுவால் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மூடிய வழியாகவே மாற்றுங்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பழுப்பு வரவில்லை.

கேம்டன்_கண்ணன்

அப்படியானால் தேம்ஸ்கரைக்கும் இதுவாக இருக்கலாமே? அவரும் பாட்டிலில்தான் அடைக்கிறார்.

நுரைப்பூ

காலத்தை வைத்துப் பிரிக்கலாம். ஆக்சிஜனால் வரும் கறுப்பு நொதித்து முடிந்தபின், பாட்டிலில், நாள் செல்லச் செல்ல ஏறும். அடைக்கும் நாளில் நல்ல நிறமாக இருந்திருக்க வேண்டும். ஈஸ்ட் போடும் நாளிலேயே கறுப்பாக இருந்தால் பாட்டிலைக் குற்றம் சொல்ல முடியாது. நொதிக்கும்போது பீர் வழக்கமாக ஒரு சிறிது வெளிறும், நிறப்பொருளில் கொஞ்சத்தை ஈஸ்ட் தன்னோடு ஒட்டிக்கொண்டு வண்டலில் போய்விடும். ஆகவே கேள்வி இதுதான் தேம்ஸ்கரை: ஃபெர்மென்டரில் ஊற்றிய அன்று கிளாஸில் எடுத்துப் பார்த்தீர்களா?

தேம்ஸ்கரை

பார்த்தேன் அக்கா, ஹைட்ரோமீட்டர் குழாயில். அன்றைக்கே செம்பழுப்புத்தான். பாட்டிலில் வைத்து மூன்று மாதம் ஆனதும் அதே நிறம்தான், கூடவில்லை.

இப்போது சோதனை முடிவுகள். டின் எக்ஸ்ட்ராக்ட் 16 கிராம், புதிய தூள் 13 கிராம். கரைத்து வடித்து அருகருகே வைத்தேன். தூள் வெளிர் மஞ்சள், அட்டையில் 4 சொல்லலாம். டின் கொதி என்பதையே பார்க்காமல் 8, 9. கிளாஸை மேலிருந்து பார்த்தால் அடியில் ஒரு சிவப்புச் சாயல் தெரிகிறது. தூளில் அது அறவே இல்லை. மோந்து பார்த்தால் டின்னில் உலர்திராட்சை வாசம். என் பீரில் இருந்தது அதேதான், மாறன் சொன்னபடி.

கொதி சோதனையும் மிச்சமிருந்த டின்னை வைத்தே செய்தேன். கொதிக்கும் முன் 9, கொதித்த பின் 12 தாண்டுகிறது. 190 மில்லி கணக்குப்படிதான் கலந்தேன்.

மெல்பன்_மாறன்

பார்த்தீர்களா, டின்தான்.

நுரைப்பூ

டின்தான் பெரிய பங்கு. ஆனால் கொதியும் மூன்று எண் கொடுத்திருக்கிறதே மாறன். தூளுக்கு மாறி, பழையபடி 10 லிட்டரில் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால் 8, 9 இல் நிற்பார். செய்முறையின் பாதி ஏமாற்றம் அப்போதும் மிஞ்சும்.

என் ஆலோசனை: தூள் 2.5 கிலோ. மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆரம்பத்தில் போடுங்கள், ஹாப்ஸ் அதில் கொதிக்கட்டும். மிச்சத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில், அடுப்பை அணைத்துவிட்டுச் சேர்த்து, கட்டியில்லாமல் கலக்கி, மறுபடி கொதிவரவிட்டு முடியுங்கள். கிருமி போவதற்கு அந்த நேரம் தாராளம். தூள் நீராவி பட்டால் கையில் பசையாக ஒட்டும், பாத்திரத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தட்டில் அளந்து வைத்து ஒரே வீச்சில் கொட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வோர்ட் நீர்த்திருந்தால் ஹாப்ஸின் கசப்பு அதிகம் இறங்கும். கசப்புக்குப் போடும் முதல் ஹாப்ஸை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

வேதி_வாத்தியார்

கடைசியில் சேர்ப்பதால் அடர்த்தி, நேரம் என்ற இரண்டும் ஒரே அடியில் குறைகின்றன. சரியான வழி.

தேம்ஸ்கரை

அக்கா சொன்னபடியே செய்து, நொதித்து, பாட்டிலும் செய்தாயிற்று. நேற்றுத் திறந்தேன். அட்டையில் 7. கடையில் வாங்கியதோடு வைத்துப் பார்த்தால் அருகில் வந்துவிட்டது. உலர்திராட்சைச் சுவை போய்விட்டது, ஹாப்ஸின் எலுமிச்சை வாசம் இப்போதுதான் முன்னால் வருகிறது. இத்தனை நாள் அது உள்ளே ஒளிந்திருந்தது என்றே தெரியாது. ஆனால் ஹாப்ஸைக் குறைக்க மனம் வராமல் பழைய அளவே போட்டேன், கசப்பு கொஞ்சம் தூக்கல்.

மீதி ஒரு எண்ணை எப்படிக் குறைப்பது? கிரிஸ்டலை எடுத்துவிடலாமா?

ரொறன்ரோ_குளிர்

எடுக்காதீர்கள் தம்பி. கிரிஸ்டல் நிறத்துக்காக மட்டும் போடுவதில்லை, நுரைக்கும் உடம்புக்கும் அதுதான். 6 க்கும் 7 க்கும் கண் வித்தியாசம் காணாது.

நுரைப்பூ

அண்ணா சொல்வதுதான் சரி. சூத்திரமே அவ்வளவு துல்லியம் இல்லை, கொதியை அது கணக்கில் எடுப்பதே இல்லை. வண்ண அட்டையை அச்சடித்த மைக்கும் ஒரு எண் இப்படி அப்படி இருக்கும். செய்முறையை இப்படியே வைத்துக்கொண்டு கசப்பை மட்டும் சரிசெய்யுங்கள்.

தேம்ஸ்கரை

சரி அக்கா. அடுத்து தானியத்திலிருந்து காய்ச்சிப் பார்க்க ஆசை. பெரிய பாத்திரம் வாங்கிவிட்டேன். கண்ணன் சொன்ன தண்ணீர்ப் பிரச்சினை அப்போது எனக்கும் வருமே?

நுரைப்பூ

வரும். குழாய் நீரைப் பாதியாக்கி, மறுபாதி ஆர்ஓ நீர் கலந்தாலே காரத்தன்மை பாதியாகிவிடும், வெளிர் ஏலுக்கு அங்கிருந்து தொடங்குங்கள். மேஷ் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் எடுத்து, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு பிஹெச் பாருங்கள். 5.3 இலிருந்து 5.4 வரை இருந்தால் தொட வேண்டாம். மேலே இருந்தால் லாக்டிக் அமிலம், ஒரே தடவையில் ஊற்றாமல் அரை மில்லி அரை மில்லியாக. உங்கள் குடிநீர் நிறுவனத்தின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் நீர் அறிக்கை கிடைக்கும். அதில் காரத்தன்மை, கால்சியம் இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள், எவ்வளவு அமிலம் என்று சேர்ந்து கணக்குப் போடுவோம். கண்ணன், உங்களுடையதையும் போடுங்கள். லண்டனிலேயே பகுதிக்குப் பகுதி மாறும்.